'அப்பா வருமானம் எவ்வளவு?': பெற்றோர் இல்லாத மாணவர்கள் கல்லூரி உதவித்தொகை பெறுவது எப்படி?

எந்த உதவித்தொகைப் படிவத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே தந்தை பெயர், தொழில், குடும்ப வருமானம் என்று கேட்கும். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த மாணவர் அங்கேயே நின்றுவிடுகிறார். திட்டங்கள் இருக்கு, பேப்பர்தான் இல்லை.

திருவனந்தபுரத்தைப் பார்ப்போம். மகளிர் - குழந்தைகள் வளர்ச்சித் துறை இயக்குநரகம், கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் இரண்டுமே பூஜப்புரையில்தான். ஆனால், மாணவர் எங்கே வளர்ந்தார் என்பதைப் பொறுத்துத் தட்டவேண்டிய கதவு மாறும்.

உறவினர் வீட்டில் வளர்ந்தவர் என்றால் மிஷனின் 'ஸ்நேகபூர்வம்' திட்டம். பட்டப்படிப்பில் மாதம் 1,000 ரூபாய். மெஸ் பில்லுக்கே போதாதுதான். இதற்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, கல்வி நிறுவனத் தலைவர்தான் ஆன்லைனில் அனுப்பவேண்டும். எனவே, கல்லூரி அலுவலகத்தை விடாமல் கேட்கவேண்டும்.

இல்லத்தில் வளர்ந்தவருக்கு 18 வயதுதான் கண்டம். இல்லத்தைவிட்டு வெளியேறும்போது நிதியுதவி தரலாம் என்கிறது சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 46-ஆவது பிரிவு. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா'வில் இந்தப் பின்பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. தமிழ்நாட்டிலும் இதே திட்டம் உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். தானாக வராது என்பதுதான் சிக்கல். பிளஸ் டூ படிக்கும்போதே பேச்சை ஆரம்பிச்சிடணும்.

பொறியியல், டிப்ளமோ மாணவர்கள் ஏஐசிடிஇ-யின் 'ஸ்வநாத்' உதவித்தொகையைத் தவறவிடக் கூடாது. ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். விண்ணப்பம் தேசிய உதவித்தொகை போர்ட்டலில். வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு இது கிடையாது. எது லாபம் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

கோவிட்டில் பெற்றோரை இழந்து 'பிஎம் கேர்ஸ்' திட்டத்தில் ஏற்கெனவே பதிவானவர்களுக்கு 18 முதல் மாத உதவி, 23 வயதில் 10 லட்சம் ரூபாய்.

நீங்கள் உதவ நினைத்தால், பணத்தைவிட ஒரு சனிக்கிழமை அதிகம் பயன்படும். குழந்தைகள் நலக்குழு உத்தரவின் நகல், பெற்றோர் இறப்புச் சான்று (இருந்தால்), ஆதார் இணைத்த சொந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைக்க உதவுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். முக்கியமாக, போன் நம்பர். ஆதாரில் இல்ல ஊழியரின் எண் இருந்தால், மாணவர் வெளியேறிய பிறகும் ஓடிபி அவருக்குத்தான் போகும்! அக்ஷயா மையத்துக்குக் கூட்டிப்போய் முதலில் அதை மாற்றுங்கள்.

நிதி திரட்டுகிறேன் என்று 18 வயது ஆகாதவரின் படத்தையோ பெயரையோ இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். 74-ஆவது பிரிவின்படி அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும்.