கோரை

நீர்க்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் ஆளுயரத்திற்கு வளரும் பாய்க்கோரை, தோற்றத்தில் புல்லையொத்ததாயினும், கணுவற்ற முப்பட்டைத் தண்டினாலும் அதனுள் நிறைந்த வெண்சோற்றினாலும் புல்லினத்தினின்று வேறுபட்டு, சைப்பரேசி என்னும் தனிக்குடும்பத்தைச் சார்ந்ததாகும். கழனியிலே களையாய் முளைத்துத் தோண்டத் தோண்டத் தலைகாட்டும் கோரைக்கிழங்கும் இதன் நெருங்கிய உறவே. அதனைச் சபிக்கும் உழவரே இதனைச் சீராட்டி வளர்ப்பது விநோதந்தான்.

ஆதியில் இது எவரும் விதைக்காமலே ஆற்றோரங்களில் மண்டியிருந்தது. தாமிரபரணியின் கால்வாய்க் கரைகளில் அறுத்த கோரையைக் கொண்டே பட்டமடையில், பெரும்பாலும் இஸ்லாமிய நெசவாளரால், நுண்ணிய பாய்த்தொழில் தழைத்தது. தரங்கம்பாடியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்த டென்மார்க்குப் பண்டிதர் ராட்பெல் 1770-களில் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார்.

தேவை பெருகவே கோரை பயிராயிற்று. கரூர், மோகனூர், முசிறி வட்டாரங்களின் காவிரிக்கரை நிலங்கள் அதற்குப் பெயர் பெற்றன. விதையை நம்பாமல், தாய்த்தூரைக் கிளறியெடுத்த வேர்க்கிழங்குகளையே சேறடித்த வயலில் நடுவர். நட்ட முதலாண்டில் களையெடுப்பிலும் நீர்ப்பாய்ச்சலிலும் அசட்டையாயிருந்தால் தண்டு குட்டையாகிப் பாய்க்கு உதவாது. தூர் நன்கு பிடித்துவிட்டாலோ மறுநடவின்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்து அறுக்கலாம்.

அறுவடையே உண்மையான சோதனை. முற்றினால் தண்டு முரடாகும். இளசாய் அறுத்தால் வலுவிராது. அடியொட்டி அறுத்து, உயரவாரியாகப் பிரித்து, ஈரம் உலருமுன் கத்தியால் நெடுக்கிற் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை வழித்தெறிந்து வெயிலில் காயவைப்பார்கள். காயும்போது ஒரு மழை விழுந்தாலும் நிறங் கறுத்து விலை சரிந்துவிடும். பட்டமடையின் உயர்ரகப் பாய்க்கோ, காய்ந்த கோரையை ஒரு வார காலம் ஓடுநீரில் ஊறப்போட்டு, உப்பியதும் எடுத்துலர்த்தி, மயிரிழைபோல் மீண்டும் பிளந்து, பருத்திப் பாவில் ஊடையாகக் கோப்பர். அப்பாயின் மென்மையில் தறிக்கு உரிய பெருமையைப் பலரும் பேசுவர். அதிற் பாதி வயலுக்கு உரியதென்பதே எமது துணிபு.

விசைத்தறியும் பிளாஸ்டிக் பாயும் வந்தபின் கைநெசவு குன்றிற்று. பட்டமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. எனினும் தாமிரபரணிக் கரையில் கோரை அருகிவிட்டமையால், அவ்வூர் நெசவாளர் காவிரிக்கரைக் கோரையையும் விலைக்கு வாங்கியே தறியேற்றுகின்றனர்.