ரோந்துக் கொட்டகையில் பிறந்தது

மலேசியச் சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தோங்-ரோயோங் என்னும் கூட்டுப்பணி நடந்தால், சாக்கடை தூர்வாரும் கூட்டத்தில் உள்ளூர்ப் போலீஸ்காரர்கள் இரண்டு மூன்று பேரையாவது பார்க்கலாம். வேலை முடிந்ததும் மீ கோரெங்கும் தே தாரேக்கும் வரும். தவுக்கேயும் தோட்டத்துக்காரரும் கம்பத்து ஹாஜியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏற்பாடு யாருடையது என்று கேட்டால் "ஆர்.டி." என்று பதில் வரும். ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாடு முழுக்க இன்று 8,000-க்கும் மேற்பட்ட இடங்களில் அது இயங்குகிறது. கறிச்சோறும் கலைநிகழ்ச்சியுமாக இருக்கும் இந்த அமைப்பைப் பெற்றெடுத்தது பயம். அந்தப் பயத்தின் வேரைத் தேடினால் பாலோ மாதிரியான ஊர்களுக்குத்தான் போய்ச் சேருவோம்.

பாலோ, ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில் ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர். வடக்கே பெக்கோக், லாபிஸ், தெற்கே குளுவாங். சுற்றிலும் இன்று செம்பனை, அன்று பால்மரம். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது லாபிஸ், யோங் பெங், குளுவாங் வட்டாரக் காடுகள் கம்யூனிஸ்டுப் போராளிகள் வலுவாகக் காலூன்றிய இடங்கள். 1950 பிப்ரவரி 23-ஆம் தேதி விடியுமுன், அதே ஜொகூரில் மூவார் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கெப்போங் காவல் நிலையம் தாக்கப்பட்டு எரிந்தது. காவலர்களோடு அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூன் முதல் தேதி ஜெனரல் பிரிக்ஸின் திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடமும் ஜொகூர்தான். காட்டோரம் சிதறிக் கிடந்த சீனக் குடியிருப்பாளர்களை லாரியில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இப்படி இடம் பெயர்க்கப்பட்டார்கள். குளுவாங் மாவட்டத்தில் பாலோ, ரெங்கம், லாயாங்-லாயாங் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

தமிழர்களுக்கும் வேலி வந்தது. அதைப் பற்றி நம்மவர்கள் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள். தோட்டங்களில் ஆங்காங்கே தனித்தனியாக இருந்த லயன்கள் ஓரிடத்தில் நெருக்கப்பட்டு, சுற்றிலும் கம்பி அடிக்கப்பட்டது. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். பால்வெட்டுக்குப் போகிறவர் கட்டுச்சோறு கொண்டுபோக முடியாது. விடிகாலையில் கேட்டில் வரிசை நின்று, வாளியையும் மடியையும் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை முதன்முதலில் அறிந்த போலீஸ்காரர், தன் தாயின் மடியைத் தடவிப் பார்த்தவர்தான். எந்த அரசாங்கம் வந்து பின்னால் எத்தனை விருந்து வைத்தாலும் அந்த நினைவுக்குத்தான் முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

போலீஸ் படையும் அப்போது ஊதிப் பெருத்த ஒன்று. 1948-இல் சுமார் 10,000 பேராக இருந்தது, சில ஆண்டுகளிலேயே சிறப்புக் காவலர்களையும் சேர்த்து 60,000-ஐத் தாண்டிவிட்டது. கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்; பயிற்சி கொடுக்க நேரமில்லை. மிரட்டலும் கையூட்டும் மலிந்தன. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மறு ஆண்டு அவர் இடத்துக்கு ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். "சிட்டி ஆஃப் லண்டன்" போலீஸ் தலைவராக இருந்த ஆர்தர் யங்கும் மலாயாப் போலீசைச் சீர்படுத்த வந்து சேர்ந்தார். சிறப்புக் காவலர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் குறைத்தார். மிச்சமிருந்தவர்களைத் தொகுதி தொகுதியாகப் பயிற்சிக்கு அனுப்பினார். 1952 டிசம்பரில் "சேவை நடவடிக்கை" என்று ஒன்றைத் தொடங்கினார். மக்களிடம் மரியாதையாகப் பேசு, கேட்காமலே உதவு என்பது கட்டளை. பற்றிக்கொண்ட இரண்டு கைகளைச் சின்னமாக்கி, கீழே "பெர்செடியா பெர்கிட்மாட்", அதாவது சேவைக்குத் தயார் என்று எழுதி வைத்தார்கள்.

சின்னம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலி அப்படியே இருந்தது, கேட்டில் சோதனையும் இருந்தது. 1956 ஜனவரியில் சிலாங்கூரின் செமினி புதுக்கிராமத்தில், சோதனை என்ற பெயரில் பெண்களின் ஆடையைக் களையச் சொன்னார்கள் என்று புகார் கிளம்பி அரசாங்கம் விசாரணை வைக்க வேண்டியதாயிற்று. மேலிருந்து வந்த நல்லெண்ணம் கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. யங்கைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் சரியான இடத்தில்தான் கைவைத்தார். போலீஸ்காரரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தார். போலீசும் மக்களும் எங்கே சந்திப்பது என்ற கேள்வி அவர் திட்டத்தில் இல்லை.

அந்த இடம் கிடைக்க இன்னொரு இருபது ஆண்டுகளும் ஓர் இனக்கலவரமும் ஆயின. 1969 மே 13-க்குப் பிறகு கோலாலம்பூரில் அண்டை வீட்டுக்காரர்களே ஒருவரையொருவர் நம்பாத நிலை வந்தது. அந்த ஆண்டே தேசிய ஒற்றுமைத் துறை உருவாயிற்று. ஊர் ஊராக நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. பெரும்பாலும் பிரமுகர்கள் கூடிப் படம் எடுத்துக்கொண்ட குழுக்கள் அவை.

பிறகு 1974 வந்தது. ஜூன் 7-ஆம் தேதி நாட்டின் போலீஸ் தலைவர் அப்துல் ரஹ்மான் ஹாஷிம் கோலாலம்பூர்ச் சாலையில், பட்டப்பகலில், காருக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1975 ஆகஸ்டு தொடக்கத்தில் ஜப்பானியச் செம்படையினர் தலைநகரின் ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் ஆட்களைப் பிணை பிடித்தார்கள். அந்த மாதக் கடைசி வாரத்தில் தேசிய நினைவுச் சின்னத்தில் குண்டு வெடித்தது. காட்டில் இருந்த போர் நகரத்துக்கு வந்துவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது. போலீசால் ஒவ்வொரு தெருவையும் காக்க முடியாது.

அதே வாரம், 1975 ஆகஸ்டு 29 அன்று, பிரதமர் துன் அப்துல் ரசாக் ருக்குன் தெத்தாங்காவைத் தொடக்கி வைத்தார். இடம் கோலாலம்பூரின் கம்போங் காசிப்பிள்ளை. அவசரகால விதிமுறைகளின் கீழ், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு கம்பத்தில் பிறந்த குழந்தை இது. துன் ரசாக் அதற்குப் பிறகு ஐந்து மாதம்கூட உயிரோடு இல்லை.

இதே பெயரில் இந்தோனேசியாவிலும் ஓர் அமைப்பு உண்டு. அதன் வேர் ஜப்பானிய ஆட்சியில் ஜாவாவில் வைக்கப்பட்ட "தோனாரிகுமி" என்ற அண்டைவீட்டுக் குழுவில் இருக்கிறது. பங்கீட்டு அரிசி கொடுக்கவும் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கண்காணிக்கவும் ஏற்பட்ட குழு அது. அரசாங்கத்துக்கு அண்டைவீட்டான் மீது அக்கறை பிறக்கும் வேளை, பெரும்பாலும் அரசாங்கமே பயந்திருக்கும் வேளைதான்.

ஆர்.டி.யின் முதல் பருவம் கட்டாய ரோந்து. உடல்வலுவுள்ள ஆண்கள் பெயர் பதிய வேண்டும். முறை வந்தால் போயாக வேண்டும். போகாதவருக்குத் தண்டனை உண்டு. கையில் டார்ச், தடி, விசில். பகலெல்லாம் வேலை பார்த்தவனை இரவில் மறுபடி எழுப்பியதில் முணுமுணுப்பு இல்லாமல் இருக்குமா? ஆனால் திட்டம் போட்டவர்கள் எண்ணியிராத ஒன்று அந்தக் கொட்டகையில் நடந்தது. ரோந்து முறை இனம் பார்த்துப் போடப்படவில்லை, வீட்டு வரிசைப்படி போடப்பட்டது. அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாத மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் இரவு முழுக்க ஒன்றாக விழித்திருக்க வேண்டியதாயிற்று. சுற்றிவரும் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போவார். கேட்டில் நின்று சோதித்த போலீசுக்கும் கொட்டகையில் உட்கார்ந்து கோப்பி குடித்த போலீசுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டகையில் ரோந்துக்காரரும் போலீஸ்காரரும் ஒரே வேலையைத்தான் அப்போது செய்துகொண்டிருந்தார்கள், ஒரே தூக்கத்தை இழந்து.

1983-இலிருந்து அழுத்தம் ரோந்திலிருந்து அண்டைவீட்டு உறவுக்கு மாறியது. அதற்கு முன்பே, 1976-இல், ஆர்.டி. பகுதிகளில் ஒற்றுமைப் பாலர் பள்ளிகள் வந்துவிட்டன. தடி பிடித்தவர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பின்னர் பொங்கல் விழா, நோன்புப் பெருநாள் விருந்து, டெங்கி ஒழிப்பு, குடும்ப விளையாட்டு நாள். 2012-இல் அவசரகால விதிமுறைகள் போய், தனிச் சட்டமே வந்தது. ரோந்து இன்றும் இருக்கிறது; தன்னார்வ ரோந்துத் திட்டம், சுருக்கமாக எஸ்.ஆர்.எஸ். என்பார்கள். விரும்பினால் போகலாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு. 1993-இல் இராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி "போலீஸ் நண்பர்கள்" இயக்கத்தைத் தொடங்கினார். மாநிலம் முழுக்கப் பரவிய அந்த இயக்கத்தை, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைக்கப்பட்டு இறந்த பின், 2020 ஜூலையில் அரசு தடை செய்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படிப் பார்க்கிறேன்: அங்கே குடிமகன் காவல் நிலையத்துக்குள் போனான், இங்கே போலீஸ்காரர் குடிமக்களின் கொட்டகைக்கு வந்தார். யார் வீட்டுக்கு யார் விருந்தாளி என்பது சின்ன விஷயமில்லை.

அதற்காக, விருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் மலேசியத் தமிழன் சிரிப்பான். 2005-இல் துன் முகம்மது சைடின் தலைமையிலான அரச ஆணையம் போலீஸ் படைக்கு 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. சுதந்திரமான புகார் ஆணையம் அவற்றில் முக்கியமானது. நான்கு ஆண்டு கழித்து சுபாங் ஜெயாவில் ஒரு தமிழ் இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். சாவு வீட்டுக்கு வந்த கூட்டத்தின் கோபத்தை எந்தப் பொங்கல் விழாவும் தணித்திருக்காது. உள்ளூர்ப் போலீஸ்காரரைப் பெயர் சொல்லி அழைக்கிற அதே மனிதர், லாக்கப் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறுகிறார். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. ஆர்.டி. முதலாவதைத்தான் வளர்க்க முடியும். இரண்டாவதற்குச் சட்டமும் நீதிமன்றமும் வேண்டும்.

ஆர்.டி. எதற்குப் பயன்படும் என்பதற்கு இன்றைய உதாரணம் தொலைபேசி மோசடி. "நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்று மிரட்டிச் சேமிப்பை உருவிக்கொள்கிறார்கள். எந்த ரோந்தும் இவர்களைப் பிடிக்காது. இவர்கள் தெருவிலேயே இல்லை. ஏமாந்தவர்களில் பலர் வெட்கத்தால் காவல் நிலையம் போவதில்லை, பிள்ளைகளிடமும் சொல்வதில்லை. பாலோ போன்ற ஊரில் மண்டபக் கூட்டத்துக்கு வரும் சார்ஜன்ட், விருந்துக்கு முன் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசி, மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், சாப்பாட்டு வரிசையில் யாராவது ஒரு பாட்டி அவர் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்பார்: "தம்பி, பணம் போட்டு மூணு நாளாச்சு. இப்ப சொன்னா ஏதும் செய்ய முடியுமா?"