காற்றைச் சுமக்கும் சில்லு

விரைந்தோடும் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேசுவோர் அதன் எந்திரத்தின் குதிரைவலுவையும் முகப்பின் அழகையுமே பெரும்பாலும் புகழ்வர். நிலத்தைத் தொடும் நான்கு ரயர்களை நினைப்பவர் சிலரே. ஆயினும், எந்திரம் எத்துணை ஆற்றல் வாய்ந்ததாயினும், பிறேக்கு எத்துணை உறுதி உடையதாயினும், அவற்றின் வலிமை நிலத்தைச் சேர்வது அந்த ரயர்களின் வழியாகவே.

2,400 இறாத்தல் நிறையுள்ள காரில் ஒவ்வொரு சில்லின் மீதும் ஏறக்குறைய 600 இறாத்தற் சுமை அமர்கிறது. ரயரினுள்ளே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தமுடைய காற்று இருக்குமாயின், அது நிலத்திற் பதியும் பரப்பு ஏறக்குறைய 20 சதுர அங்குலமாகும். ஒரு கையை விரித்து வைத்தால் மறையக்கூடிய இடம் அது. அச்சுமையிற் பெரும்பங்கைத் தாங்குவது இறப்பரன்று. அதனுள் அடைபட்ட காற்றே. ரயரின் வரலாறு இந்த உண்மையை மனிதர் படிப்படியாக உணர்ந்த வரலாறே எனலாம்.

வெயிலில் உருகிக் குளிரில் வெடிக்கும் இயல்புடைய இறப்பரை, கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையை 1839 இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் கண்டார். ஆறு ஆண்டுகளின் பின், 1845 இல், ஸ்கொத்லாந்து நாட்டவரான ரொபேட் வில்லியம் தொம்சன் காற்றடைத்த சில்லுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1847 இல் இலண்டன் மாநகரின் ரீஜன்ற் பூங்காவில் குதிரை வண்டிகளில் அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். வண்டி ஓசை குறைந்து இலகுவாக ஓடியது. ஆனால் அக்காலத்தில் இறப்பரின் விலை அதிகம்; விரைவை வேண்டி நின்ற வாகனமும் இல்லை. உலகம் தொம்சனை மறந்தது.

1888 இல் பெல்பாஸ்ற் நகரின் மிருக வைத்தியரான ஜோன் பொயிட் டன்லப், மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்காகச் செய்த காற்று ரயருக்கு உரிமை பெற்றார். மறுவருடமே சைக்கிள் பந்தயங்களில் அந்த ரயர் வெற்றி ஈட்டியது. தொம்சனின் பழைய பத்திரம் பின்னர் வெளிப்பட்டமையால் டன்லப்பின் தனியுரிமை செல்லாதாயிற்று. எனினும் காற்று ரயர் நிலைத்துவிட்டது.

அதன் பெருகும் தேவையை நிறைவேற்றியதில் இலங்கைக்கும் பங்குண்டு. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து எடுத்துச் சென்ற இறப்பர் விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகளில் 1,900 க்கு மேற்பட்டவை அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அணித்தான எனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டு வளர்ந்தன.

சைக்கிளைத் தாங்கிய காற்று மோட்டார் வாகனத்தையும் தாங்குமோ என்ற ஐயம் 1895 இல் எழுந்தது. பரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்திலே, ஏறக்குறைய 730 மைல் தூரத்துக்கு, அந்திரே, எடுவார் மிஷலின் என்னும் சகோதரர் காற்று ரயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெங்கும் ரயர்கள் பஞ்சராயின. குறித்த காலத்துக்குள் அவர்களால் வந்து சேர இயலவில்லை. முதலில் வந்த லெவாசரின் காரோ திண்ம இறப்பர் ரயரிலே ஓடி 48 மணி 48 நிமிடத்தில் திரும்பியிருந்தது. கண்டவர் நகைத்திருக்கலாம், ஆனால் தோற்றவர் பக்கமே எதிர்காலம் நின்றது. 1899 இல் பெல்ஜிய நாட்டவரான ஜெனாற்சி, மின்சாரக் கார் ஒன்றில், காற்று ரயர்களின் மீது, மணிக்கு 100 கிலோமீற்றர் எல்லையைக் கடந்தார்.

ரயரைப் போலவே சில்லும் மாறியது. சில்லு, ரயர், பிறேக்கு ஆகியன வில்லுக்குக் கீழே தொங்கும் பாரம். அப்பாரம் குறையக் குறைய, மேடுபள்ளங்களில் ரயர் நிலத்தை விட்டு எழாது ஓடும். இதனை நன்குணர்ந்த எற்றோர் புகாற்றி 1924 இல் தமது 35 ஆம் வகைப் பந்தயக் காருக்கு அலுமினியத்தால் எட்டு ஆரைகளுடைய சில்லுகளை வார்த்து, பிறேக்கு உருளையையும் அவற்றுடன் ஒன்றாக்கினார். ஆயினும், லியோன் நகரில் நடந்த அதன் முதற் பெரும் பந்தயத்திலே ரயர்களின் மேற்பட்டை பிரிந்து கழன்றது. ஏழாம் இடத்துக்கு மேல் அவருடைய கார் எதுவும் வரவில்லை. பின்னர் எண்ணற்ற வெற்றிகளைப் பெற்ற அக்காரை அன்று வீழ்த்தியது எந்திரமன்று, ரயரே.

1949 இல் மிஷலின் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ரேடியல் ரயர் அடுத்த பெருந்திருப்பமாகும். பழைய ரயரில் நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக் கிடந்தன. புதியதில் அவை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேரே சென்றன. அவற்றின் மேல் உருக்குப் பட்டை சுற்றி நின்றது. பக்கச்சுவர் வளைந்தாலும் நிலத்திற் பதியும் பகுதி தட்டையாகவே இருந்தது. பிடிப்பும் ஆயுளும் ஓங்கின. அதே வேளையில் ஒரு புதிய பாடமும் பிறந்தது. முன்சில்லுகளில் ரேடியலும் பின்சில்லுகளில் பழைய வகையும் பூட்டிய கார், வளைவிலே பின்புறம் வழுக்கிச் சுழலும் ஆபத்துடையது. நான்கு சில்லுகளுக்கும் ஒரே வகை என்ற விதி அவ்வாறு வலுப்பெற்றது.

1960 களின் தொடக்கத்தில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையமான நாசாவின் ஆராய்ச்சியாளர், நீர் தேங்கிய ஓடுபாதையில் விமான ரயர்கள் வழுக்குவதை ஆராய்ந்தனர். ரயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது எனக் கண்டனர். அவ்விதிப்படி 36 இறாத்தல் அழுத்தத்தில் அவ்வேகம் மணிக்கு ஏறக்குறைய 62 மைல். 25 இறாத்தலில் 52 மைல். காரிலே ரயரின் வெட்டுக்களின் ஆழமும் நீரின் ஆழமும் இக்கணக்கை மாற்றும். ஆயினும் காற்றுக் குறைந்த ரயர் மழையிலே முன்னதாகவே பிடியை இழக்கும் என்பது அதிலிருந்து தெளிவு.

இவ்வரலாறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்குக் கூறுவது யாது? அகன்ற ரயர் பூட்டினால் நிலத்திற் பதியும் பரப்பும் அதே அளவாகப் பெருகும் என்பது தவறான எண்ணம். காற்றழுத்தம் மாறாதிருந்தால் பரப்பு பெரிதும் மாறுவதில்லை. அதன் வடிவமே குறுகி அகலுகிறது. உலர்ந்த வளைவில் அது நன்மை தரலாம். தேங்கிய நீரிலோ மிதப்பை விரைவாக்கும். அளவிற் பெரிய சில்லு கண்ணுக்கு அழகெனினும், நிறை கூடினால் புகாற்றி தேடிய நன்மையை அழித்துவிடும். வெட்டற்ற பந்தய ரயர் பந்தயப் பாதைக்கே உரியது; பொது வீதியின் மழைக்கு அன்று.

காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் ஓயாது வளைந்து சூடேறும். வேகம் கூடிய நிலையில் ரயர் பிளந்து உயிருக்கே கேடு நேரலாம். மிகுத்தால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பிடிப்புக் குறையும். ஆகவே, காரைச் செய்தவர் குறித்த அளவே தொடக்கமாதல் வேண்டும். அதனைக் கார் ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கையில் அளத்தல் வேண்டும். ஓடிச் சூடேறியபின் அழுத்தம் உயர்வது இயல்பு. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடல் தகாது.

விலையுயர்ந்த ரயரையும் சில்லையும் பணத்தால் வாங்கிவிடலாம். காற்றின் அளவையோ பணத்தாற் காக்க இயலாது; அதற்குச் சிறிய அளவுமானி ஒன்றும், வாரந்தோறும் குனிந்து பார்க்கும் பொறுமையுமே வேண்டும். தொம்சன் ரீஜன்ற் பூங்காவில் ஓட்டிக் காட்டிய சில்லைப் போலவே, இன்று மணிக்கு 150 மைல் ஓடும் காரின் சில்லும் காற்றையே நம்பி நிற்கிறது.