பொன்னுக்கு ஒரு புள்ளி: மேசைப் பாத்திர விளையாட்டுகளில் அனுபவ வெகுமதியின் வரலாறு

முதல் நிலைப் போர்வீரன் ஒருவன் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஆர்க் என்னும் அரக்கன் ஒருவனை வீழ்த்தினால் கிடைப்பது 10 புள்ளி. டாம் மோல்ட்வே செப்பனிட்டு 1981-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அடிப்படை விதிநூல் தரும் கணக்கு இது. கொன்றே முன்னேறுவது என்று ஒருவன் முடிவு கட்டினால் 200 ஆர்க்குகளை வெட்டிச் சாய்க்க வேண்டும். புள்ளிகள் குழுவினருக்குள் பங்கிடப்படுவதால், ஆறு போர்வீரர் சேர்ந்து போனால் 1,200 ஆர்க்குகள். அந்த வீரனின் உயிர்ப்புள்ளியோ எட்டுமுகப் பகடை ஒன்றின் ஒரே உருட்டல். இரண்டு வெட்டுத் தாங்குவானா என்பதே ஐயம்.

விதியை எழுதியவர்கள் கொலையை முன்னேற்றத்தின் முதன்மை வழியாக எண்ணியிருக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். ஆயினும் இவ்விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட பலரும், அரக்கரைக் கொன்று புள்ளி சேர்ப்பதே அதன் சாரம் என்று நம்புகிறார்கள். இந்த எண்ணம் எந்த விதி மாற்றத்தின் வழியாக வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புதிதாக எதையோ சேர்த்ததால் கொலை மையத்துக்கு வரவில்லை. பழைய விதி ஒன்றை எடுத்துவிட்டதால் வந்தது என்பது நான் காணும் முடிவு.

ஏணியின் இரு படிகள்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வார்கள். ஒருவர் நடத்துநர், உலகையும் அதன் ஆபத்துகளையும் அவர் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று சொல்வார்கள். ஐயம் வரும் இடத்தில் பகடை உருளும். பரமபதத்தில் ஆட்டம் முடிந்ததும் காய் பெட்டிக்குள் போய்விடும். மறுநாள் மீண்டும் முதல் கட்டம்தான். இங்கே காய் பெட்டிக்குள் போவதில்லை. இன்று பிழைத்த பாத்திரம் அடுத்த வாரம் அதே தழும்போடும் அதே பணப்பையோடும் மேசைக்குத் திரும்பும். முன்னேற்றம் என்ற கேள்வி எழுந்ததே இந்தத் தொடர்ச்சியால்தான்.

இதன் வேர் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் நடந்த போர் விளையாட்டுகளில் இருக்கிறது. மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டங்களில் ஒவ்வொருவரும் படைக்குப் பதிலாக ஒரு தனி மனிதனை இயக்கினார்கள். அவற்றில் ஆடிய டேவ் ஆர்னெசன் 1971-இல் ‘பிளாக்மூர்’ என்ற தொடராட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிநூல் வெளிவந்தது. அதன் மாயப் பகுதியில் ‘நாயகன்’ நான்கு வீரருக்குச் சமம். ‘மாநாயகன்’ எட்டு வீரருக்குச் சமம். 1974-இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நூல்களை வெளியிட்டபோது, போர்வீரனின் நான்காம் நிலைக்கு ‘நாயகன்’ என்றும் எட்டாம் நிலைக்கு ‘மாநாயகன்’ என்றும் பட்டம் இருந்தது. ஏணியின் நான்காம், எட்டாம் படிகள் முதலில் வந்தன. மற்றப் படிகள் அவற்றின் இடையிலும் மேலும் கீழும் செருகப்பட்டன. ‘நிலை’ என்ற கருத்து முதலில் போர்வலிமையின் அளவுகோலாகவே இருந்தது என்பதை இந்தப் பட்டங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

அளவுகோல் போரிலிருந்து வந்தது. அதில் ஏறுவதற்கான விலை வேறோர் இடத்திலிருந்து வந்தது.

பொன்னின் காலம்

1974-ஆம் ஆண்டு விதி இரண்டு வருவாய்களைச் சொன்னது. வீழ்த்திய அரக்கனின் நிலை ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. கைப்பற்றிய பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நூல் தரும் எடுத்துக்காட்டில், டிரோல் என்னும் ஏழாம் நிலை அரக்கன் ஒன்றை வென்றதற்கு 700 புள்ளி. அது காவல் காத்த புதையலுக்கு 7,000. வென்றவன் எட்டாம் நிலையில் இருப்பதால் மொத்தத்தில் எட்டில் ஏழு பங்கு மட்டுமே அவனுக்குச் சேரும். வலியவன் எளியதை வென்று புள்ளி குவிக்கக் கூடாது என்ற எண்ணம் முதல் நாளிலேயே இருந்தது.

மறு ஆண்டே கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதிய ‘கிரேஹாக்’ இணைப்பு நூல் அரக்கருக்கான புள்ளியை வெட்டிக் குறைத்தது. 100 கிடைத்த இடத்தில் இனி 10. பொன்னுக்கான விதியில் மாற்றமில்லை. தொடக்க நிலைகளில் வருவாயின் பெரும்பங்கு புதையலிலிருந்தே வரும் என்பது அப்போது உறுதியானது. மோல்ட்வேயின் கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

இந்த விதி மேசையில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அரக்கனோடு மோதினால் சாவு அருகில், புள்ளி சொற்பம். அவன் தூங்கும்போது பெட்டியைத் தூக்கி வந்தால் ஆபத்துக் குறைவு; புள்ளி முழுமை. ஆகவே ஆட்டக்காரர்கள் உளவு பார்த்தார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், எதிரிகளை ஒருவரோடொருவர் மோதவிட்டார்கள், வேண்டிய இடத்தில் ஓடினார்கள். நிலவறையில் நேரம் கடத்தினால் அலையும் அரக்கர் வருவார்கள். அவர்களிடம் புதையல் பெரும்பாலும் இராது. எனவே அந்தச் சண்டை வெறும் நட்டம்.

சுமையும் கணக்கில் இருந்தது. அக்கால விதிகளில் பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. 2,000 காசு என்றால் 200 பவுண்டு, ஏறக்குறைய 90 கிலோ. அதை வெளியே கொண்டுவந்தால்தான் புள்ளி. கழுதை, கூலியாள், சாக்கு, கயிறு ஆகியவை பழைய விதிநூல்களில் அத்தனை இடம் பிடித்ததற்குக் காரணம் இதுதான். ஒரே ஒரு வெகுமதி விதி வரைபடத்தையும், நேரத்தையும், எடையையும், சூழ்ச்சியையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டது. இவ்விளையாட்டின் வரலாற்றில் இவ்வளவு சிக்கனமாக இவ்வளவு வேலை செய்த விதி வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆர்னெசனின் வழக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1977-இல் வெளிவந்த ‘தி ஃபர்ஸ்ட் ஃபேன்டசி கேம்பெயின்’ நூலின்படி, பிளாக்மூரில் பொன்னை வென்றால் மட்டும் போதாது; செலவழிக்கவும் வேண்டும். மது, சமயப் பணி, தனிப்பட்ட ஆர்வம் என அவரவர் நாட்டத்துக்கேற்பச் செலவிட்ட தொகையே அனுபவமாக மாறியது. பாத்திரத்தின் குணமும் முன்னேற்றமும் இங்கே ஒன்றாகக் கலந்தன.

‘மூட்டை சுமந்தால் வாள்வித்தை வருமா?’

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1979-இல் ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நடத்துநர் நூலில் கைகாக்ஸ் இதற்கு விடை சொல்ல முயன்றார்: பூசகர் ஓதுவதும் மந்திரவாதி ஏடு புரட்டுவதும் உண்மைக்கு நெருக்கமானவை, ஆனால் அவற்றால் ஆட்டம் நகராது. ஆயினும் அவரும் ஒரு சமாதானம் தேடினார். நிலை உயரப் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு நிலை ஒன்றுக்கு 1,500 பொற்காசு கட்டணம். ஆட்டத் தரத்தைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வாரம். இதில் ஓட்டை இருந்தது. திருடன் இரண்டாம் நிலைக்குத் தகுதி பெற 1,251 புள்ளி போதும். பயிற்சிக்குக் குறைந்தது 1,500 காசு வேண்டும். புள்ளி நிறைந்தும் காசில்லாமல் அவன் காத்துக்கிடந்தான்.

இதற்குள் மற்றவர்கள் வேறு விடைகளைக் கண்டிருந்தார்கள். ஸ்டீவ் பெரினும் அவர் நண்பர்களும் உருவாக்க, கெயோசியம் 1978-இல் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’ புள்ளியையே ஒதுக்கியது. வாளை வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் வாள் திறனில் ஒரு குறி. பயணம் முடிந்ததும் நூறு பக்கப் பகடை. இருக்கும் திறனைவிட உயர்ந்த எண் விழுந்தால் 5 விழுக்காடு ஏற்றம். தெரிந்தவனுக்குக் கற்பது கடினம், தெரியாதவனுக்கு எளிது என்ற வாழ்க்கை உண்மை அந்த ஒரே உருட்டலில் அடங்கியது. மார்க் மில்லரின் ‘டிராவலர்’ (1977) பாத்திரத்தின் அனுபவத்தை ஆட்டத்துக்கு முன்பே, நான்காண்டுப் பணிக்காலங்களாக முடித்துவிட்டது. சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் தூலு’ (1981) தூலு பற்றிய மர்ம அறிவு வளர வளர மனத்தெளிவின் உச்ச வரம்பு தேயும் என்றது. ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ (1991) பாத்திரத்தை நன்றாக நடித்ததற்கும், கதையில் ஏதேனும் கற்றதற்கும் புள்ளி தந்தது.

நீக்கம்

டேவிட் குக் முதன்மையாகப் பணியாற்றிய 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, பொன்னுக்குப் புள்ளி என்ற விதியை விருப்ப விதியாகக் கீழிறக்கியது. வகுப்புவாரி வெகுமதிகளையும் விருப்ப விதியாகவே வைத்தது: போர்வீரனுக்கு வீழ்த்திய எதிரிக்காக, மந்திரவாதிக்கு மந்திரத்துக்காக, திருடனுக்கு மட்டும் காசுக்கு இரண்டு புள்ளி. ஒருகாலத்தில் எல்லோருக்கும் பொதுவாயிருந்த பொன் இப்போது திருடனின் தனிச்சொத்து. கதை நோக்கத்தை எட்டினால் வெகுமதி என்றது நூல். அதன் அளவை நடத்துநரிடமே விட்டது. அரக்கருக்கு மட்டும் தெளிவான அட்டவணை இருந்தது. அளவு எழுதப்படாத வெகுமதியை மேசை மறந்துவிடும்; எழுதப்பட்ட எண்ணை எவரும் மறப்பதில்லை.

2000-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு நீக்கத்தை நிறைவு செய்தது. ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அட்டவணை தந்தார்கள். இரண்டாம் நிலைக்கு 1,000 புள்ளி. ஒவ்வோர் அரக்கனுக்கும் ஓர் அறைகூவல் எண். நான்கு பேர் கொண்ட முதல் நிலைக் குழு எண் 1 உள்ள அரக்கனை வென்றால் 300 புள்ளி, தலைக்கு 75. பதின்மூன்று, பதினான்கு மோதல்களில் அடுத்த நிலை. ‘வெல்லுதல்’ என்றுதான் விதி சொன்னது. ஏமாற்றிக் கடந்தாலும் வெற்றியே, பொறிகளுக்கும் எண் உண்டு. ஆனால் அந்த எண்களில் பெரும்பாலானவை அரக்கர் நூலில், அரக்கனின் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்தன. 1981-இன் ‘விசார்ட்ரி’ முதல் வந்த கணினி விளையாட்டுகளில் கொலைக்கணக்குப் பழகிய தலைமுறைக்கு இது இயல்பாகவே தோன்றியிருக்கும். கணினிக்கு எண்ணத் தெரிந்தது பிணங்களை. சூழ்ச்சியை எண்ண அதற்கு அன்று வழியில்லை.

திரும்பி வந்த விதிகள்

அதன்பின் இரு திசைகளில் எதிர்வினை எழுந்தது. பழைய பதிப்புகளை மீட்டெடுத்தவர்கள் 2006-இன் ‘ஆஸ்ரிக்’, 2007-இன் ‘லேபிரிந்த் லார்ட்’ போன்ற நூல்களில் பொன் விதியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்கள். மற்றொரு திசையில், 2012-இன் ‘டன்ஜன் வேர்ல்ட்’ பகடை தோற்கும்போது ஒரு புள்ளி தந்தது. தோல்வியை ஆட்டக்காரர் அஞ்சாமல் ஏற்க இதைவிட நேரான வழி இல்லை. அமர்வின் முடிவில் குழு தன்னையே கேட்டுக்கொள்ள அது வைத்த கேள்விகளில் ஒன்று, நினைவில் நிற்கும் புதையல் எதையேனும் எடுத்தோமா என்பது. ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ (2017) நம்பிக்கையற்ற நிலையில் துணிந்து இறங்கியதற்குப் புள்ளி தருகிறது. வென்றாலும் தோற்றாலும் அது உண்டு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோ 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் புள்ளியே இல்லாமல், கதையின் மைல்கல்லை எட்டும்போது நிலை உயர்த்தலாம் என்று நடத்துநருக்கு அனுமதி அளித்தது. பல குழுக்கள் இன்று அப்படித்தான் ஆடுகின்றன. ஆனாலும் அட்டவணை போகவில்லை: இரண்டாம் நிலைக்கு 300, மூன்றாம் நிலைக்கு 900, இருபதாம் நிலைக்கு 3,55,000. ஒவ்வோர் அரக்கனின் விவரத்திலும் அவனுக்குரிய புள்ளி அச்சிடப்பட்டிருக்கிறது. டிராகன் காக்கும் பொற்குவியலுக்கு ஒரு புள்ளியும் இல்லை.