ஆறெழுத்துக்குள் ஒரு பெயர்

ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழு 1957இல் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதில் எழுதப்படும் நிரலில் எந்தப் பெயரும் ஆறெழுத்தைத் தாண்டக் கூடாது. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். அந்தக் கணினி ஓர் எழுத்துக்கு 6 பிட் ஒதுக்கியது. ஒரே தடவையில் கையாண்ட அளவு 36 பிட். ஆறெழுத்துப் பெயர் அதில் கச்சிதமாக நிறைந்துவிடும். 6 பிட்டில் 64 குறிகளுக்கு மேல் அடங்காது என்பதால் சின்ன எழுத்துகளுக்கு இடமே இல்லை.

இவ்வளவு நெருக்கடியிலும் பெயரின் முதலெழுத்துக்கு இன்னொரு பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆங்கில ஐ (I) முதல் என் (N) வரையுள்ள எழுத்துகளில் தொடங்கினால் அது முழு எண். மற்ற எழுத்துகளில் தொடங்கினால் தசமம் வரக்கூடிய எண். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், முதலெழுத்தைப் பார்த்தே வகையை முடிவு செய்துகொண்டது.

ஆஸ்கி குறியீட்டில் சின்ன எழுத்துகள் இடம்பெற்றது 1967இல்தான். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸும் சி மொழியும் பிறந்தன. அங்கிருந்த டெலிடைப் 37 தட்டச்சு இயந்திரத்தில் சின்ன எழுத்து உண்டு. அதனால் சி மொழி சின்ன எழுத்திலேயே வளர்ந்தது, பெரியதையும் சின்னதையும் வெவ்வேறாகவே பார்த்தது. வெளியே பரவலாக இருந்த டெலிடைப் 33இல் பெரிய எழுத்து மட்டுமே. ஒருவர் தன் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்து உள்ளே வந்தால், இவரிடம் இருப்பது அந்த இயந்திரம்தான் என்று யூனிக்ஸ் புரிந்துகொண்டு அவர் அடிப்பதையெல்லாம் சின்ன எழுத்தாக மாற்றிக்கொண்டது.

கம்பைலர் தாராளமாக இருந்தாலும், பல கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கர் பழைய உலகத்தைச் சேர்ந்தது. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி புத்தகம் அதன் பெயர் வரம்பைக் கணினி வாரியாகவே சொல்கிறது: பிடிபி-11இல் ஏழெழுத்து, பெரியது சின்னது வேறுபாடு உண்டு, ஹனிவெல் 6000இல் ஆறெழுத்து, வேறுபாடு கிடையாது. 1989இல் சி மொழிக்குத் தரநிலை எழுதியவர்களும், கோப்புக்குக் கோப்பு பகிரும் பெயர்களுக்கு முதல் ஆறெழுத்துக்கு மேல் உத்தரவாதம் தரவில்லை. 31 எழுத்து என்று அது உயர்ந்தது 1999 தரநிலையில். 704 கணினிகள் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தன. ஆறு என்ற எண் மட்டும் ஓயவில்லை.

பெரியதும் சின்னதும் ஒன்றே என்று வைத்துக்கொண்ட நிரல் மொழிகளுக்கு வேறு தொல்லை. துருக்கி மொழியில் ஆங்கில ஐயின் சின்ன வடிவத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளியுள்ளது தனி எழுத்து. பிஎச்பி மொழி கிளாஸ் பெயர்களைச் சின்ன எழுத்தாக்கித் தேடும். முன்பெல்லாம் நிரல் ஓடும்போது மொழி அமைப்பைத் துருக்கிக்கு மாற்றினால், பெரிய ஐ உள்ள கிளாஸ் பெயர் கிடைக்காது. 2002இல் புகாராகப் பதிவான இந்தக் கோளாறு 2013இல் வந்த 5.5 பதிப்பில்தான் தீர்ந்தது. பயனரின் மொழி வழக்கத்தைப் பெயர் அட்டவணைக்குள் விட்டிருக்கவே கூடாது.

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 1996இல் வந்த ஜாவா யூனிகோட் எழுத்துகளில் பெயர் வைக்க அனுமதித்தது. 2008இல் பைத்தான் 3 அதையே செய்தது. இரண்டுக்கும் இடையே தமிழருக்கு முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. 'கொடி' என்பதில் உள்ள கொ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தான் பெயர்களைச் சீராக்கிவிட்டே ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் ஒரே பெயர். ஜாவாவுக்கு அவை இரு வேறு பெயர்கள்.

2009இல் அறிமுகமான கோ மொழியில் நிலைமை இன்னும் கடினம். அதை உருவாக்கிய மூவரில் ராப் பைக்கும் கென் தாம்சனும் யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டையே வடிவமைத்தவர்கள். உலக எழுத்துகளைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே முதலெழுத்துக்கு மறுபடி ஒரு பொறுப்பு: அது பெரிய எழுத்தாக இருந்தால்தான் அந்தப் பெயரை மற்றத் தொகுதிகள் பயன்படுத்த முடியும். தமிழிலோ ஜப்பானியத்திலோ பெரிய எழுத்து ஏது? பெயருக்கு முன்னால் ஆங்கில எக்ஸ் சேர்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி, அது திருப்தி தரும் வழியல்ல என்று கோவின் அதிகாரபூர்வ விளக்கமே ஒப்புக்கொள்கிறது. தமிழுக்கு அந்த எக்ஸும் போதாது. பெயருக்குள் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது விதி. கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் எழுத்துகள் அல்ல, துணைக்குறிகள். 'பல' செல்லும், 'மர' செல்லும். 'பெயர்' என்று எழுதினால் இரண்டாவது குறியிலேயே கம்பைலர் பிழை காட்டும்.