காணிக்கையில் கை இல்லை

காணிக்கை என்ற சொல்லைக் காணி, கை என்று இரண்டாக வெட்டிப் பொருள் சொல்லும் வழக்கம் பிரசங்க மேடைகளில் வேரூன்றிவிட்டது. காணியில் விளைந்ததைக் கையில் எடுத்துப் படைப்பதால் காணிக்கை என்பார் ஒருவர். வலக்கை கொடுப்பதை இடக்கை காணக்கூடாது, ஆகவே ‘காணாக் கை’ காணிக்கை ஆயிற்று என்பார் மற்றொருவர். இரண்டாமவர் மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பதால் சபையாரும் தலையசைத்துவிடுகிறார்கள். வேதப்பகுதி சரி. சொற்பிறப்பு முற்றிலும் தவறு.

முதலில் இலக்கணம். தமிழ் இலக்கண நூலார் தொழிற்பெயர் விகுதிகளை அடுக்கும்போது ‘கை’யையும் சேர்த்தே சொல்கிறார்கள். வாழ்க்கை, சேர்க்கை, இருக்கை, படுக்கை, கோரிக்கை ஆகிய எதிலும் மனிதக் கரம் கிடையாது. நம்பு என்ற வினையிலிருந்து நம்பிக்கை பிறந்ததுபோலவே காண் என்ற வினையிலிருந்து காணிக்கை பிறந்தது. விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லும் கொடுத்தலைக் குறிக்கும் சொல்லும் ஒரே விகுதி கொண்டவை. நம்பிக்கையை ‘நம்பி’, ‘கை’ என்று வெட்டத் துணியாதவர்கள் காணிக்கையை மட்டும் வெட்டுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

தமிழ்ச் சான்று போதாது என்பவர்கள் கன்னடத்துக்குப் போகலாம். அங்கே நம்பிகெ, காணிகெ என்று இரண்டும் அருகருகே நிற்கின்றன. கன்னடத்திலும் கரத்துக்குக் ‘கை’ என்றுதான் பெயர். ஆனால் காணிகெயின் இறுதியில் இருப்பது ‘கெ’. தெலுங்கில் நம்மிக, கானுக. தெலுங்கருக்குக் கரம் ‘செய்யி’. கானுகவில் அதைத் தேடுவது வீண். மலையாளத்தில் காணிக்க. நான்கு மொழிகளும் சேர்ந்து சொல்லும் சாட்சியை ஒரு மேடைச் சிலேடை தள்ளிவிட முடியாது.

காணம் என்ற பழைய பொன்நாணயத்திலிருந்து காணிக்கை வந்தது என்று கொள்வோரும் உண்டு. இவர்கள் படித்தவர்கள், ஆகவே விடை சொல்ல வேண்டும். பதிற்றுப்பத்தின் பதிகங்களில் காணம் வருகிறது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றார். செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலருக்கு நூறாயிரம் காணம் கொடுத்ததோடு, நன்றா என்ற குன்றின்மேல் நின்று தன் கண்ணுக்கு எட்டிய நாட்டையும் அளித்தான். இந்த இடங்களில் பொருள் போகும் திசையைப் பார்க்க வேண்டும். காணம் அரசனிடமிருந்து புலவருக்கு இறங்குகிறது. காணிக்கையோ என்றும் மேல்நோக்கியே செல்கிறது: குடியிடமிருந்து கோவுக்கு, அடியாரிடமிருந்து ஆண்டவருக்கு. திசை மாறிய சொற்களை ஒலியொற்றுமை ஒன்றால் கட்டிப்போட இயலாது.

மூன்றாவது கட்சி மலையாளத்தின் ‘காணிக்குக’ என்ற வினையைக் காட்டும். அதற்குக் காட்டுதல் என்று பொருள். எனவே காணிக்கை என்பது ‘காட்டப்படுவது’ என்பது அவர்கள் வாதம். கன்னடத்தில் காட்டுதலுக்கு உரிய பிறவினை காணிசு. காணிகெயோ அந்தச் சகரத்தைச் சேர்க்காமல் காணோடு நேரே விகுதி சேர்த்து நிற்கிறது. வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பொருளுக்கு வருவோம். பெரியவரைக் காணப் போகிறவர் வெறுங்கையாகப் போவதில்லை. பழந்தமிழ் இதைக் கையுறை என்றது. அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் பூவும் கையுறை. சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் செங்குட்டுவனைக் காண வரும் மலைக்குறவர் யானைக் கொம்பும் அகிலும் கவரியும் தேன்குடமும் சந்தனமும் தலைமேல் சுமந்து வருகிறார்கள். அந்தக் காதையின் பெயரையே சான்றாக இழுத்துவிடக் கூடாது. அங்கே ‘காட்சி’ என்பது நடுகல்லுக்கு உரிய கல்லைக் காணும் துறையைச் சுட்டுவது. ஆனால் அதில் நடக்கும் செயல், காணிக்கை என்ற சொல் எந்த வழக்கத்திலிருந்து எழுந்ததோ அந்த வழக்கம்தான்.

மொகலாயர் தர்பாரின் ‘நசர்’ என்ற சொல்லை இங்கே சிலர் கொண்டுவருவார்கள். பார்வை என்று பொருள்படும் நசர் ஒன்று உண்டு. ஆனால் அரசனுக்குச் செலுத்தும் நசர் நேர்ச்சையைக் குறிக்கும் வேறொரு அரபுச் சொல். உருது நாவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக ஒலிப்பதால் வந்த மயக்கம் இது. உண்மையான ஒப்புமை வேண்டுவோர் சாமுவேலின் முதல் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

அங்கே சவுல் தகப்பனின் கழுதைகளைத் தேடி அலைகிறான். தேவமனிதரைப் போய்க் கேட்கலாம் என்கிறான் வேலைக்காரன். கொண்டுபோகக் கையில் ஒன்றும் இல்லையே என்பதுதான் சவுலின் முதல் கவலை. பையில் இருந்த தின்பண்டமும் தீர்ந்துவிட்டது. வேலைக்காரனிடம் கால்சேக்கல் வெள்ளி இருந்ததால் வழி பிறக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் காணிக்கை என்றே எழுதுகிறது. மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் ‘தெசூரா’. வேதாகமம் முழுவதிலும் அது இங்கே ஒரே ஒரு முறைதான் வருகிறது. பார்த்தல் என்ற பொருளுடைய ‘சூர்’ என்ற வினையோடு அதை இணைத்த அறிஞர்கள் உண்டு. அது நிற்குமானால், தமிழ்க் காணிக்கைக்கும் எபிரெய தெசூராவுக்கும் அடிக்கருத்து ஒன்றே. அதே அதிகாரம், தீர்க்கதரிசிக்கு அந்நாளில் ‘பார்க்கிறவன்’ என்ற பெயர் வழங்கியதாகவும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது.

உபாகமம் பதினாறாம் அதிகாரமும் இந்த வரிசையில் சேரும். ஆண்டுக்கு மூன்று முறை ஆண்மக்கள் கர்த்தருடைய சந்நிதியில் வெறுங்கையோடு வராமல் வந்து நிற்க வேண்டும் என்பது கட்டளை. வந்து நிற்றலுக்கு எபிரெயம் பயன்படுத்தும் வினை ‘ராஆ’, காண் என்ற வினையின் செயப்பாட்டு வடிவம். மத்தேயுவில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பிள்ளையைக் கண்டு, பணிந்து, பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைக்கிறார்கள். தமிழ் வேதாகமம் அதைக் காணிக்கை என்கிறது. அந்த நிகழ்ச்சியை நினைக்கும் விழாவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் திருக்காட்சிப் பெருவிழா. காட்சியும் காணிக்கையும் ஒரு வேரின் இரு கிளைகள். பிப்ரவரி 2-இல் குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழா வருகிறது. அன்று மரியாளும் யோசேப்பும் கொண்டுபோனது ஒரு சோடி பறவை. லேவியராகமத்தின்படி ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் செலுத்துவது அதுதான். அன்றுதான் முதியவர் சிமியோன் தம் கண்கள் கண்டுவிட்டன என்று தேவனைத் துதித்தார்.

மிஷனரிகள் இந்தச் சொல்லைப் புதிதாக உருவாக்கவில்லை. குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதும் காணிக்கை. முடி இறக்குவதும் காணிக்கை. வேளாங்கண்ணியில் குணமான உறுப்பின் உருவை வெள்ளியில் செய்து வைப்பதும் காணிக்கை. சபைக்குள் அது எத்தனையோ அடைமொழி பெற்றது: ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, உற்சாகக் காணிக்கை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு எடுத்துவரும் பெண்கள் அதைப் பிடியரிசி என்றார்கள். அறுப்பின் பண்டிகையில் முருங்கைக்காயும் வாழைத்தாரும் கோழியும் ஏலத்துக்கு வருவது இந்த மரபின் நீட்சி.

இந்தச் சொல்லுக்கு ஒரு கறையும் படிந்தது. விசயநகர் காலக் கல்வெட்டுகளில் காணிக்கை வரிகளின் பட்டியலில் இடம்பெறுகிறது. விரும்பிக் கொடுத்தது கட்டாயக் கடமையாகிவிட்டது. நேர்மாறான பயணம் செய்த சொல் ஊழியம். திருவிதாங்கூரில் அது கூலி இல்லாமல் வாங்கப்பட்ட கட்டாய வேலையின் பெயர். ஒடுக்கப்பட்ட சாதியார் முதுகில் ஏற்றப்பட்ட சுமை. இன்று தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் அது மனமுவந்து செய்யும் தேவபணி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், விசனமும் கட்டாயமும் இல்லாத கொடையையே தேவன் விரும்புகிறார் என்கிறார். காணிக்கையை மாதச் சந்தாவாக்கி நிலுவைப் பட்டியல் வாசிக்கும் சபைகள் விசயநகரத்துக் கணக்கரின் பொருளுக்கே அந்தச் சொல்லைத் திரும்ப இழுக்கின்றன.

இனி இந்த ஆராய்ச்சியின் நடுவிடம். ஆதியாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஈசாக்கு தகன பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். ஆபிரகாமின் விடையில் வரும் வினை மறுபடியும் ‘ராஆ’. பின்பு அந்த இடத்துக்கு யேகோவாயீரே என்று பேரிடுகிறான். அந்த வினைக்கு ஆங்கிலம் தரும் லத்தீன்வழிச் சொல்லான ‘புரோவைட்’ என்பதிலும் முன்கூட்டிப் பார்த்தல் என்ற பொருள் அடியில் உண்டு. ஆனால் இன்றைய ஆங்கிலக் காதுக்கு அது எட்டுவதில்லை. மார்ட்டின் லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ‘கர்த்தர் பார்க்கிறார்’ என்று வினையை அப்படியே வைத்தது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்ற வினையைக் கையாண்டது. வீட்டையும் பிள்ளையையும் ‘பார்த்துக்கொள்’ என்று ஒப்படைக்கும் அதே அன்றாடச் சொல். கண்ணால் பார்ப்பதும் கவலையை ஏற்பதும் தமிழில் ஒரே வினைக்குள் அடங்கியிருப்பதால், எபிரெயத்தின் இரு பொருளும் சிந்தாமல் தமிழுக்கு வந்து சேர்ந்தன.

ஆகவே மனிதன் கொடுப்பது காண் என்ற வினையிலிருந்து வருகிறது. தேவன் கொடுப்பது பார் என்ற வினையிலிருந்து வருகிறது. மத்தேயு ஆறாம் அதிகாரமும் இங்கே தன் இயல்பான இடத்தைப் பெறுகிறது. மனிதர் காண தருமம் செய்யாதே என்று தொடங்கும் அந்தப் பகுதி, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவைக் காட்டுகிறது. தொடர்ந்து, விதையாத பறவைகளுக்கும் உழையாத காட்டுப்பூக்களுக்கும் போய், உணவுக்கும் உடைக்கும் கவலைப்படாதிருக்கச் சொல்கிறது. கொடையும் நம்பிக்கையும் ஒரே அதிகாரத்தில் ஒரே பார்வையின்கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை இரண்டு காசு போட்டபோது அவளைக் கவனித்த கண்கள் இயேசுவுடையவை. பெட்டி ஐசுவரியவான்களாலும் நிறைந்தது. அவர் எடுத்துச் சொன்னது அவளுடைய கொடையை. அவள் போட்டது அவளுடைய ஜீவனத்துக்கு இருந்த முழுவதும்.

இந்தப் பார்வையை நம்பி வாழ்ந்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) மிஷனரி இரேனியசிடம் பயின்றவர். அந்தோனி நோரிஸ் குரோவ்ஸின் சீடர். அநாதைப் பிள்ளைகளுக்காக மனிதரிடம் கேட்காமல் ஜெபத்தை நம்பி பிரிஸ்டலில் இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லருக்கு இந்தக் குரோவ்ஸ் மைத்துனர். அருளப்பன் எந்தச் சங்கத்தின் சம்பளத்தையும் சாராமல் 1840-இல் கிறிஸ்டியான்பேட்டையை அமைத்தார். இத்தகையவரை ‘விசுவாசத்தில் ஊழியம் செய்கிறவர்’ என்று சபை மக்கள் அழைக்கிறார்கள். 1901-இல் டோனாவூர் வந்த மிஷனரி எமி கார்மைக்கேலும் பணத்துக்காக வேண்டுகோள் விடுவதில்லை என்ற நெறியில் பிள்ளைகளை வளர்த்தார். டோனாவூர் என்ற பெயருக்குள்ளும் ஒரு காணிக்கை இருக்கிறது: பிரஷியாவின் டோனா பிரபு அனுப்பிய பணஉதவியை நினைத்து இரேனியஸ் இட்ட பெயர் அது. அந்தக் கொடையாளர் பெயர் பூண்ட ஊரில்தான் பின்னாளில் யாரிடமும் கேட்காத ஊழியம் நடந்தது.

திருநெல்வேலிச் சபையார் தங்கள் பணத்திலேயே மிஷனரிகளை அனுப்ப 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் தொடக்கத்தில் முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. தெலுங்கு நாட்டு தோர்ணக்கலுக்கு 1912-இல் பேராயரான அவர், கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய சபையில் பெரும்பாலோர் மிக ஏழைகள், கூலிவேலை செய்த மாலர், மாதிகர். கொடுக்க இயலாதவர்கள் என்று யாரையும் அவர் ஒதுக்கவில்லை. அரிசியும் தானியமுமாக அவர்கள் கொண்டுவந்ததைக் காணிக்கையாக ஏற்றார். அவர்கள் மொழியில் அது கானுக. திருநெல்வேலியிலும் தோர்ணக்கலிலும் தட்டில் விழும் சொல் ஒன்றுதான் என்பதைத் தமிழ்ப் பேராயர் ஒருவர் வாழ்ந்து காட்டினார்.

எதிர்க்கட்சியார் ஒன்று கேட்கலாம்: பவரும் அவர் குழுவினரும் காணிக்கையையும் பார்த்துக்கொள்ளுதலையும் இணைத்துப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தார்களா? அதற்கு ஆவணம் காட்ட வேண்டிய தேவை இல்லை. தமிழ் பேசும் மக்கள் காண்பதையும் கொடுப்பதையும், பார்ப்பதையும் காப்பதையும் நெடுங்காலத்துக்கு முன்பே இணைத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்த இணைப்பின்மேல் நின்று எழுதினார்கள். தன்னைப் பார்த்துக்கொள்கிறவரைக் காணச் செல்பவன் எடுத்துச் செல்வதே காணிக்கை என்பது இக்கட்டுரையின் துணிபு. வேறு பிறப்பு சொல்ல விரும்புவோர் கன்னடக் காணிகெயிலிருந்தும் தெலுங்குக் கானுகவிலிருந்தும் தொடங்கி வரட்டும்.