குப்பைக்கூடையில் கிடந்த தீக்குச்சிகள்

அப்பா வெளியூர் போயிருந்த சமயம், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் பக்கத்துப் பையன் ஒருவன் வீட்டுச் சுவர்களுக்கும் மரச்சாமான்களுக்கும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைப் பூசிவைத்தான். மியூனிக் கண்காட்சி ஒன்றில் பார்த்த நிறங்கள் அவனை ஆட்டிப்படைத்திருந்தன. திரும்பி வந்த அப்பா போட்ட சத்தத்தில் வீட்டைவிட்டே கிளம்பினான். எமில் கான் என்ற பெயரையும் உதறி, லூசியான் பெர்ன்ஹார்ட் ஆனான். பெர்லின் வந்தபோது புதுப் பெயர் இருந்தது, காசுதான் இல்லை.

1905 வாக்கில் பிரீஸ்டர் தீக்குச்சிக்கான சுவரொட்டிப் போட்டி கண்ணில் பட்டது. பரிசு 200 மார்க். மேசை, கட்டம்போட்ட விரிப்பு, சாம்பல் கிண்ணம், புகையும் சுருட்டு, பக்கத்தில் தீக்குச்சிகள், புகைச் சுருளிலிருந்து எழுந்து ஆடும் பெண்கள் என்று எல்லாவற்றையும் வரைந்துதள்ளினான். அன்றைய மோஸ்தர் அப்படி. எட்டிப் பார்த்த நண்பர், சுருட்டு விளம்பரம் பிரமாதம் என்றார்.

முதலில் பெண்கள் மறைந்தார்கள். பிறகு சுருட்டு. சுருட்டே இல்லாதபோது கிண்ணம் எதற்கு? விரிப்பும் மேசையும்கூடப் போயின. மிஞ்சியவை கரும்பழுப்புப் பின்னணியில் மஞ்சள் தலையுடன் இரண்டு சிவப்புக் குச்சிகளும், மேலே தடித்த நீல எழுத்தில் கம்பெனிப் பெயரும்தான். கெடு முடியும் நேரத்தில் தபாலில் சேர்த்தான்.

நடுவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்கள்.

தாமதமாக வந்தார் இன்னொரு நடுவரான எர்ன்ஸ்ட் குரோவால்ட், பெர்லினின் பெரிய சுவரொட்டி அச்சகமான ஹாலர்பாம் அண்ட் ஷ்மிட்டின் விற்பனை மேலாளர். தெருவில் விரைகிற மனிதன் ஒரு சுவரொட்டிக்கு எத்தனை நொடி தருவான் என்பது அவருக்குத் தொழில்முறையாகவே தெரியும். கூடையிலிருந்ததை எடுத்துப் பிடித்து, முதல் பரிசு இதற்குத்தான் என்று அடித்துச் சொன்னார். (இது பெர்ன்ஹார்ட் பின்னாளில் சொன்ன கதை. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.) பரிசோடு முடியவில்லை விஷயம்.

குரோவால்டின் அச்சகம் அவனுக்கு வேலை கொடுத்தது. 1908-இல் ஷ்டில்லர் காலணிக் கடைக்கு ஒற்றை ஷூவும் பெயரும் மட்டுமே கொண்ட சுவரொட்டி. 1914-இல் பாஷ் ஸ்பார்க் பிளக். இந்தப் பாணிக்கு ‘ஸாக்பிளக்காட்’ என்று பெயரும் விழுந்தது. இன்று செல்போன் ஹோர்டிங்கில் வெற்றுப் பின்னணி, ஒரு பொருள், ஒரு பெயர் என்று சாதாரணமாகக் கடந்துபோகும் அமைப்பு அதுதான்.

1923-இல் பெர்ன்ஹார்ட் நியூயார்க் போனார். அங்கே அவர் பாணி எளிதில் விலைபோகவில்லை; எழுத்துரு வடிவமைப்பு கைகொடுத்தது. 1959-இல் அதே ஊர் விளம்பர நிறுவனம் ஒன்று, பெரிய வெற்றுப் பரப்பில் குட்டியாக ஒரு ஃபோக்ஸ்வாகன் காரை மட்டும் போட்டது. விளம்பர உலகம் அதைப் புதுமை என்று கொண்டாடியது. பெர்ன்ஹார்டுக்கு அப்போது 76 வயது.